உப்பாண்டும் கல்வியாண்டும்: மரக்காணக் கடற்கரையில் சிறு கற்றல் குழுமங்களும் பள்ளித் தலைமையும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரையில் ஆண்டு என்பது இரண்டு கணக்குகளில் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தின் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வோடு முடிகிறது. உப்பளத்தின் ஆண்டோ, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாத்திகளில் தேங்கிய மழைநீரும் சேறும் அகற்றப்பட்டு, வரப்புகள் திருத்தப்பட்ட பின் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தொடங்கி, கோடையில் முழுவீச்சை எட்டி, அக்டோபரில் கனமழை இறங்கும்போது நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு மாணவர் திருப்புதல் தேர்வு எழுதும் வாரங்களில்தான் வீட்டுப் பெரியவர்கள் புதிய பருவத்தின் முதல் கூலியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்; அரையாண்டுத் தேர்வு நெருங்கும் மழைமாதங்களில் அந்த வீடுகளில் உப்பளக் கூலி இருப்பதில்லை. இதே கரையின் மீனவக் குப்பங்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து அமரும் பிள்ளைகள் வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு காரணங்களால் பள்ளிக்கு வராமல் போவதை, மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக வகுக்கப்பட்ட பள்ளி நாட்காட்டி கவனிப்பதில்லை. அதைக் கவனிக்க வேண்டியவர் பள்ளிக்குள் யார், அவருக்கு அதற்கான நேரமும் அதிகாரமும் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

இத்தகைய கவனிப்புக்கு வழிதேடும் கருத்து ஒன்று உண்டு. கல்வியியலில் ‘சிறு கற்றல் குழுமம்’ எனப்படுவது, பெரிய உயர்நிலைப்பள்ளி ஒன்றைச் சில நூறு பேர் அல்லது அதற்கும் குறைந்தோர் கொண்ட அலகுகளாகப் பகுத்து, ஒவ்வோர் அலகுக்கும் நிலையானதோர் ஆசிரியர் அணியை ஒதுக்கி, அந்த அணியே அம்மாணவர்களைச் சில ஆண்டுகள் விடாமல் கற்பித்து வழிநடத்தும்படி அமைக்கும் ஏற்பாடாகும். அமெரிக்காவில் 1959இல் ஜேம்ஸ் கோனன்ட் வெளியிட்ட அறிக்கை, சிறிய உயர்நிலைப்பள்ளிகளால் விரிவான பாடத்தெரிவுகளை அளிக்க இயலாது என்று வாதிட்டுப் பெரிய பள்ளிகளுக்கு வழிகோலியது. கால் நூற்றாண்டு கழித்து 1984இல் தியோடர் சைசர் தொடங்கிய பள்ளிகள் கூட்டமைப்பு அதற்கு நேர்மாறாக, ஓர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் 80 மாணவருக்கு மேல் இருக்கலாகாது என்ற நெறியை முன்வைத்தது. இந்த 80 என்பது ஒரு வகுப்பறையின் அளவன்று. பெயர், கையெழுத்து, குடும்பம், தடுமாறும் இடம் என அனைத்தோடும் ஓர் ஆசிரியர் ஓர் ஆண்டில் அறிந்துவைத்திருக்கக்கூடிய மாணவரின் மொத்தத் தொகை. அடுத்த ஆண்டே டெபரா மையர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் இந்நெறியில் ஓர் உயர்நிலைப்பள்ளியைத் தொடங்கினார். 2000க்குப் பின் கூட்டரசின் நிதியும் பெரிய அறக்கட்டளைகளின் நிதியும் இம்முயற்சிகளில் கொட்டப்பட்டன.

கிடைத்த பலன் ஒரே சீராக இல்லை. தம் அறக்கட்டளை நிதியளித்த சிறு பள்ளிகள் பலவற்றில் மாணவர் அடைவு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று பில் கேட்ஸ் 2009ஆம் ஆண்டுக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதினார். அதே வேளையில், சேர்க்கையைக் குலுக்கல் தீர்மானித்ததால் ஒப்பீட்டுக்கு இடம் தந்த நியூயார்க் நகரச் சிறு பள்ளிகளை எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அங்குச் சேர்ந்தோரில் பள்ளிப்படிப்பை முடிப்போர் விகிதம் ஒன்பது விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் சற்று மேலாகக் கூடியிருந்தது. காரணம் கேட்கப்பட்ட அப்பள்ளிகளின் முதல்வர்களும் ஆசிரியர்களும் கட்டடத்தின் அளவைவிட, கண்டிப்பான கல்வி எதிர்பார்ப்பையும் மாணவரோடு ஆசிரியருக்கு இருந்த நெருக்கத்தையும் ஆசிரியரின் ஈடுபாட்டையுமே சுட்டினர். அலகைச் சிறிதாக்குவது நெருக்கத்துக்கு வாய்ப்புத் தருகிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவது ஆசிரியரின் வேலை நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இக்கருத்துக்கு மிக அருகில் நிற்பது, 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘மகிழ் முற்றம்’ திட்டமாகும். வெவ்வேறு வகுப்பு மாணவர்கள் கலந்த அணிகளாகப் பள்ளி பிரிக்கப்படுகிறது. அணிகளுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைப் பெயர்கள். ஒவ்வோர் அணிக்கும் பொறுப்பாசிரியரும் மாணவத் தலைவர்களும் உண்டு. தனியார் பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்கென நெடுங்காலமாக இருந்துவந்த அணிமுறை, தமிழ்ப் பெயர் சூடி அரசுப் பள்ளிக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதும் ஊரில், உப்பு விற்ற உமணரின் நிலத்தில், கடலைப் பார்த்தபடி பாத்தி மிதிப்பவரின் மகன் பாலை அணியிலும், உள்நாட்டுக் கிராமத்து உழவர் மகள் நெய்தல் அணியிலும் இருக்க நேர்வது சிறியதொரு வேடிக்கை. ஆனால் அந்தக் கலப்பில் ஒரு பயனும் உண்டு, அது பின்னர் விளக்கப்படும். இப்போது கேட்க வேண்டியது வேறு: நெய்தல் அணியின் பொறுப்பாசிரியருக்கு அவ்வணிப் பிள்ளைகளோடு செலவிட வாரத்தில் எத்தனை பாடவேளை கிடைக்கிறது?

கணக்கு எளியது. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் பள்ளியில் 200 மாணவர். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்குப் பாடத்துக்கொருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள். பாடத்துக்கு வாரம் ஏழு பாடவேளை எனக் கொண்டால், ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 35 பாடவேளை நிற்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டு வீதம் ஐந்து நாளில் உள்ளவையே 40. எஞ்சும் ஐந்தில்தான் விடைத்தாள் திருத்தல், பதிவேடு, எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் விவரம் ஏற்றுதல், விடுப்பில் சென்ற சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுதல் எல்லாம் அடங்க வேண்டும். சைசர் 80 என்று வரம்பு கட்டிய இடத்தில் இவர் 200 பேருக்கும் ஆசிரியர். ஆகவே, கடலோரச் சிற்றூரின் பள்ளி சிறியது என்பதாலேயே அது சிறு கற்றல் குழுமம் ஆகிவிடாது. மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தும், ஒரு பிள்ளையின் மூன்று நாள் வருகையின்மை ஐந்து ஆசிரியர்களின் கண்ணிலும் பட்டு ஒருவர் கையிலும் சிக்காமல் நழுவிப்போக இடமுண்டு.

இதற்கு நேரெதிரான அனுபவம் ஒன்று இதே மரக்காணம் ஒன்றியத்தில்தான் முறைப்படி தொடங்கியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன; அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை மரக்காணம் அருகேயுள்ள முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். விழுப்புரம் உள்ளிட்ட 12 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அத்திட்டத்தில், சுமார் 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர், குழந்தையின் வீட்டுக்கு நடந்து போகும் தொலைவில், மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் பாடம் சொல்லித்தந்தார். தொடக்கநிலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், நடுநிலைக்குப் பட்டப்படிப்பும் தகுதி, மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. திண்ணை, சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், மரநிழல் என இடம் எதுவாயினும், சொல்லித்தந்தவர் பெரும்பாலும் அதே தெருவின் பெண்.

இம்முயற்சியின் பலனை அளந்த ஆய்வும் உண்டு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்றும் கண்டனர். ஊக்கத்தொகையின் சிறுமையை நினைத்தால் இது பெரிய பலன். அத்தன்னார்வலர் ஆசிரியப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 20 பேரின் பெயரும் வீடும் அவருக்குத் தெரியும், வராத பிள்ளையை அழைத்துவர அடுத்த தெருவுக்கு நடந்தால் போதும், எந்தப் பக்கத்தில் பாடத்தைத் தொடங்குவது என்பதை மேலிடம் கேட்காமல் தாமே முடிவு செய்யவும் பெருமளவு இடம் இருந்தது. சிறு கற்றல் குழுமத்துக்கு உரிய எல்லாக் கூறுகளும் அந்தத் திண்ணையில் இருந்தன. குறை ஒன்றுதான், அது சிறியதன்று: திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிவதும், நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு எட்டு என்பதும் இந்த எல்லையோடு பொருந்திப்போகின்றன. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கூலிக்கு ஆள் ஆகக்கூடிய வயதில் பிள்ளை நுழையும் அதே ஆண்டில் மூன்று பாதுகாப்புகளும் சேர்ந்தாற்போல் விலகுகின்றன.

எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறும்போது பிள்ளையோடு கூடவே செல்லும் தாள் மாற்றுச் சான்றிதழ். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், இறுதியாகப் படித்த வகுப்பு, நடத்தை ‘நன்று’. வகுத்தலில் மீதியை எங்கே எழுதுவது என்பதில் அப்பிள்ளை தடுமாறும் என்பதும், தந்தை ஆறு மாதம் வெளியூர்ச் சூளையில் இருப்பார் என்பதும், பாட்டிதான் பொறுப்பாளர் என்பதும் தன்னார்வலருக்குத் தெரிந்திருந்தன. அவற்றை எழுத அத்தாளில் பத்தி இல்லை. ஒரு மேல்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை அதனோடு இணைத்துப் பள்ளி வளாகமாக இயக்கலாம் என்ற யோசனையைக் கோத்தாரி ஆணையம் 1964–66லேயே முன்வைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதைத் திரும்பச் சொல்கிறது. அறிவியல் ஆய்வகத்தையும் விளையாட்டுத் திடலையும் பகிர்ந்துகொள்வதைக் காட்டிலும், பிள்ளையைப் பற்றிய இத்தகைய அறிவைப் பகிர்ந்துகொள்வதே இக்கரையில் பள்ளி வளாகத்தின் முதற்பயனாக இருக்கக்கூடும்.

உப்பளக் குடும்பத்தின் காலைப்பொழுது இவ்வறிவின் தேவையைத் தெளிவாக்கும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் வேலை விடியுமுன்பே தொடங்குகிறது. உப்பை வாரிக் கரையில் குவிப்பதும், குவித்ததைக் கூடையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பதும் காலையிலேயே பெரும்பகுதி முடிந்தாக வேண்டும். தாய், தந்தை இருவரும் இருட்டோடு கிளம்பிய வீட்டில், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலைவாரி, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தன் பள்ளிக்குப் பேருந்து பிடிக்கிறாள். தம்பி தொடக்கப் பள்ளியில் படிப்பதால் 2022இல் தொடங்கி 2023இல் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் அவனுக்கு உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும். ஐந்தாம் வகுப்போடு முடியும் அத்திட்டத்தில் அக்காவுக்கு இடமில்லை, அவளுக்கு நண்பகல் சத்துணவுதான் முதல் உணவாக அமையக்கூடும். இரண்டாம் மணிக்குப் பின் வந்து சேரும் அவளை வாயிலில் நிறுத்திக் காரணம் கேட்கும் பள்ளியும், காரணத்தை முன்பே அறிந்த ஒருவர் உள்ளே இருக்கும் பள்ளியும் ஒரே அரசாணையின் கீழ் இயங்கும் இரண்டு வெவ்வேறு பள்ளிகள்.

இங்கேதான் தலைமை என்ற சொல்லின் பொருள் மாற வேண்டியிருக்கிறது. நிர்வாக வழக்கில் தலைமை என்பது தலைமையாசிரியர் என்ற ஒரு பதவி. கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்பிலேன் போன்றோர் வளர்த்தெடுத்த ‘பகிர்வுத் தலைமை’ என்ற கருத்தாக்கமோ, தலைமையை ஓர் ஆளின் குணமாகக் கருதாமல், ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் பலருக்கிடையே நிகழும் செயலாகப் பார்க்கிறது. கடலோர உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர், விலையில்லாப் பாடநூல், சீருடை ஆகியவற்றைப் பெற்று வழங்குவது முதல், சத்துணவுக் கூடத்தைப் பார்வையிடுவது, முதன்மைக் கல்வி அலுவலகம் அன்றே கேட்கும் புள்ளிவிவரத்தை அன்றே அனுப்புவது வரை அனைத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர். பதவி காலியாக இருக்கும் பள்ளியில் மூத்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பாடமும் நடத்திக்கொண்டு ‘பொறுப்பு’ என்ற சொல்லோடு இவ்வளவையும் சுமக்கிறார். 200 பிள்ளைகளின் வீட்டு நிலையையும் அவரே அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நடவாத காரியம். அவர் செய்யக்கூடியது, தம் அதிகாரத்தில் ஒரு பகுதியைக் கையெழுத்திட்டு இறக்கிவைப்பது.

அது எந்தப் பகுதி என்பதில் பெரும்பாலும் தவறு நிகழ்கிறது. பொறுப்பாசிரியருக்குப் பொதுவாக இறக்கிவைக்கப்படுவது வேலை: அணிப் பட்டியல், மதிப்பெண் பலகை, விழா ஏற்பாடு. அவருக்குத் தேவைப்படுவது தீர்மானம்: 200 பேரும் ஐந்து அணிகளாகப் பிரிந்தால் தம் பங்கில் வரும் நாற்பது பேரின் பெற்றோரைப் பள்ளி நேரத்தில் வரச்சொல்லாமல் உப்பள வேலை முடிந்த பிற்பகலில் சந்திக்கவும், ஒரு பிள்ளைக்குத் தாமத வருகையை ஒரு பருவத்துக்கு அனுமதிக்கவும், ஐந்து ஆசிரியர்களும் வாரத்தில் ஒரே பாடவேளையில் கூடிப் பெயர்ப்பட்டியலை மட்டும் முன்னால் வைத்துப் பேசவும் உள்ள உரிமை. அந்தப் பொதுப் பாடவேளையே சிறு கற்றல் குழுமத்தின் உயிர்நிலை. அதைக் கால அட்டவணையில் எழுதுவதற்குத் தலைமையாசிரியர் வேறேதாவது ஒன்றை அடித்தாக வேண்டும். எதை அடிப்பது என்று தேர்ந்தெடுக்கும் துணிவுக்கே பள்ளித் தலைமை என்று பெயர். அப்பாடவேளையில் மற்ற வகுப்புகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழும். வாரம் ஒருமுறை நூலக வேளையையோ விளையாட்டு வேளையையோ பள்ளி முழுமைக்கும் ஒன்றாக வைத்து, மாணவத் தலைவர்களையும் ஊர் இளைஞர் ஓரிருவரையும் துணைக்கு அழைப்பது ஆள் பற்றாக்குறையுள்ள பள்ளிக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

துணைக்கு அழைப்பதற்கான சட்டப்படியான வாயிலும் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் மறுகட்டமைக்கப்பட்டபோது 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர், அவர்களுள் ஒரு தாயே தலைவர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இக்குழு அமைக்கப்பட்டது, 2024இல் முன்னாள் மாணவரும் சேர்க்கப்பட்டனர். கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிய தீர்மானங்களில் இக்குழுக்கள் சுறுசுறுப்பாகவே இருக்கின்றன. பிள்ளைகளின் வருகை, கற்றல் பற்றிய பேச்சு அவற்றின் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. 15 பெற்றோரை அணிக்கு மூவராகப் பகிர்ந்தால் ஐந்து அணிகளுக்கும் சரியாக வரும். இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொல்லித்தந்த பெண்களும் இவ்வூர்களில்தான் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர் என்ற வரையறைக்குள் அவர்களில் பலரைக் கொண்டுவரவும் தடையில்லை.

இக்கரையின் இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில், பள்ளி தரக்கூடிய ஆதரவு என்பதற்குச் சான்றிதழ்த் தாள் என்று பொருள். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கு இல்லை, கோட்ட அளவிலான அதிகாரிக்கே உண்டு. மரக்காணத்துக் குடும்பம் அதற்காகத் திண்டிவனம் போக வேண்டும். ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் கூலி. பத்தாம் வகுப்பு முடிந்து மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும்போதுதான் சான்றிதழ் இல்லாதது தெரியவந்தால், அந்த ஆண்டு கைநழுவக்கூடும். திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வளர்த்தவரும் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நிறுவியவருமான பிரபா கல்விமணியின் பல்லாண்டு உழைப்பில் பெரும்பகுதி, இத்தகைய தாள்களுக்காக அலுவலகப் படியேறியதில் கழிந்தது. நாற்பது பேருக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் ஆறாம் வகுப்பிலேயே இந்த விடுபாட்டைக் கண்டால் அதைச் சரிசெய்ய நான்கு ஆண்டு கையில் இருக்கும்.

சிறிய குழு எப்போதும் நல்லது என்றும் சொல்வதற்கில்லை. தெருவுக்கு ஒரு மையம் என அமையும் குழு, ஊரும் காலனியும் குப்பமும் தனித்தனியே வாழும் நிலப்பரப்பில் சாதிக் குழுவாகவே அமைந்துவிடுகிறது. 2013 ஏப்ரலில் சாதி மோதலையும் வன்முறையையும் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயர்நிலைப்பள்ளியின் அணி, அந்தத் தெருக்களைக் கலந்து பிரிப்பதால் மட்டுமே தெருவிலிருந்து வேறுபடுகிறது. உழவர் மகள் நெய்தலிலும் உப்பளத் தொழிலாளி மகன் பாலையிலும் இருப்பதன் பயன் இதுதான். மாணவரிடையே சாதி வன்முறை வெடித்த நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவரைப் பெயரின் அகரவரிசையில் அமர்த்துவது முதலானவற்றோடு, 500க்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவரை அமர்த்தவும் பரிந்துரைத்தது. அந்த எண்ணிக்கையை எட்டாத கடலோரப் பள்ளிகளுக்கு அவ்வலுவலர் வரப்போவதில்லை; அங்கே அப்பணி அணிப் பொறுப்பாசிரியரையே வந்து சேரும், அவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டாலும் அளிக்கப்படாவிட்டாலும்.

அத்தகைய பொறுப்பாசிரியரால் ஆகக்கூடியதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகள் பெரும்பாலும் காலை மணிக்கு முன்பே தொடங்குவது வழக்கம், ஆசிரியர்களுக்கும் பேருந்து நேரத்துக்கும் அதுவே ஒத்துவருகிறது. மார்ச் மாதத்தில் பெற்றோர் விடியுமுன் பாத்தியில் இறங்கிவிட, தம்பி தங்கைகளை விட்டுக் கிளம்ப முடியாத பிள்ளைகளே அவ்வகுப்புக்கு வருவதில்லை. அவர்களுக்கே அது அதிகம் தேவைப்படுவது. வகுப்பை மாலைக்கு மாற்றினால் கடைசிப் பேருந்து தவறும் இருவர் பற்றிக் கவலைப்பட வேண்டும், அந்த இருவரின் ஊரும் அவர்களின் அணிப் பதிவேட்டில் இருக்கும். இந்த மாற்றத்துக்கு விழுப்புரத்திலிருந்து ஆணை எதுவும் வரத் தேவையில்லை; நெய்தல் அணியின் ஆசிரியர் நீட்டும் தாளில் தலைமையாசிரியர் போடும் கையெழுத்து போதும்.